இயந்திரக் கூடு யாருக்குச் சொந்தம்? – ஜப்பானிய அனிமேயும் சைபர்பங்க் மறுவரவும்

மலர்க் குழு அன்பர்கள் இந்த ஆண்டும் என்னிடமிருந்து நீலகேசி பற்றியோ சீவக சிந்தாமணி பற்றியோ ஒரு கட்டுரையை எதிர்பார்த்திருப்பார்கள். இம்முறை நான் எழுதப்போவது ஜப்பானியச் சித்திரப் படங்களைப் பற்றி. "நயினார் இந்த வயசுல கார்ட்டூன் பார்க்க ஆரம்பிச்சுட்டாரா?" என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். முதலில் நானும் சிரித்தவன்தான்.

சென்ற மழைக்காலத்தில் கடையில் எவர்சில்வர் அடுக்குகளை எண்ணிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தேன். நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். ஆறு வாரம் மாடிப்படி ஏறக்கூடாது, இடது கையைத் தலைக்கு மேல் தூக்கக்கூடாது என்று உத்தரவு. மும்பை மழை சன்னலில் அடிக்க, கட்டிலோடு கிடந்தேன். கல்லூரியில் படிக்கும் பேரன் லேப்டாப்பைக் கொண்டுவந்து மடியில் வைத்து, "தாத்தா, இப்ப நீங்களும் சைபார்க்தான். உங்க ஆளுங்க கதை இது, பாருங்க" என்றான். ஒன்று, இரண்டு என்று தொடங்கி, ஆறு வாரத்தில் ஏறத்தாழ எல்லாவற்றையும் பார்த்து முடித்தேன். குறிப்பெடுக்கும் பழக்கம் எனக்கு உண்டாகையால் ஒரு நோட்டும் நிறைந்தது. அந்த நோட்டிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை.

சைபர்பங்க் என்ற சொல்லை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. 1983-இல் வெளியான தம் சிறுகதைக்குப் புரூஸ் பெத்கே என்ற அமெரிக்கர் வைத்த தலைப்பு அது. 1982-இல் வந்த 'பிளேட் ரன்னர்' திரைப்படமும், 1984-இல் வில்லியம் கிப்சன் எழுதிய 'நியூரோமான்சர்' நாவலும் அவ்வகைக்கு உருவம் கொடுத்தன. வானளாவிய கட்டடங்கள், ஓயாத மழை, வண்ண விளக்கு விளம்பரங்கள், அரசாங்கத்தைவிடப் பெரிய கம்பெனிகள், மூளையில் கம்பி சொருகிக்கொண்ட ஏழை எளியவர்கள் ஆகிய இத்தனையும் சேர்ந்தது சைபர்பங்க் உலகம். கருவிகள் உயர உயர, அவற்றை வைத்திருக்கும் மனிதன் தாழ்ந்துகொண்டே போகிறான் என்பது அதன் சாரம்.

ஜப்பானியர்கள் இதை எடுத்துக்கொண்ட காலம் கவனிக்கத் தக்கது. காட்சுஹிரோ ஒட்டோமோவின் 'அகிரா' படக்கதையாக 1982-இல் தொடங்கி, திரைப்படமாக 1988-இல் வந்தது. கதை நடப்பது 2019-இல், நியோ டோக்கியோவில். ஜப்பானியப் பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீட்டெண் உச்சத்தைத் தொட்டது 1989 டிசம்பர் 29 அன்று, 38,915 புள்ளிகளில். அப்புறம் விழுந்தது விழுந்ததுதான். அந்த இடத்தை மீண்டும் தாண்ட 2024 பிப்ரவரி வரை, அதாவது 34 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. வியாபாரி என்ற முறையில் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. பணம் வழிந்தோடிய நாளிலேயே, இந்த நகரம் வெடிக்கப்போகிறது என்று ஒருவர் படம் வரைந்திருக்கிறார். சிவப்பு மோட்டார் சைக்கிள் பையன்களின் சண்டையைக் காட்டிலும் அதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. போதாக்குறைக்கு அந்தக் கதையில் 2020-இல் டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் நடக்கவிருக்கிறது! நிஜத்திலும் 2020-க்கென்றே அது குறிக்கப்பட்டு, பெருந்தொற்றால் 2021-க்குத் தள்ளிப்போனது உங்களுக்கு நினைவிருக்கும்.

அடுத்தது 'கோஸ்ட் இன் தி ஷெல்'. மசமுனே ஷிரோவின் படக்கதை 1989-இல் வந்தது. மமோரு ஒஷீ இயக்கிய திரைப்படம் 1995 நவம்பரில் வெளியானது. கோபே நிலநடுக்கமும் டோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயுத் தாக்குதலும் நடந்தது அவ்வாண்டில்தான். விண்டோஸ் 95 ஜப்பானில் விற்பனைக்கு வந்ததும் அதே நவம்பரில்தான். தலைப்பிலுள்ள கோஸ்ட் என்ற சொல், ஆர்தர் கோஸ்லர் 1967-இல் எழுதிய நூலின் தலைப்பிலிருந்து வந்தது. கோஸ்லர் அதைக் கில்பர்ட் ரைல் என்ற ஆங்கிலத் தத்துவ ஆசிரியரிடமிருந்து எடுத்துக்கொண்டார். ரைல் கேலியாகச் சொன்ன சொல், கைமாறிக் கைமாறி ஜப்பானுக்குப் போய் உண்மையான 'உயிர்' என்ற பொருளைப் பெற்றுவிட்டது. ஷெல் என்பதற்கு நம்மிடம் மொழிபெயர்ப்பே தேவையில்லை. உடம்பைக் கூடு என்றும், கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்றும் சொல்லிப் பழகியவர்கள் நாம்.

படத்தின் நாயகி மோட்டோகோ குசனாகி ஒரு காவல் அதிகாரி. மூளை ஒன்று தவிர மற்றதெல்லாம் தொழிற்சாலையில் வார்த்த உடம்பு. நடுவில் ஏறத்தாழ மூன்று நிமிடம் யாரும் பேசுவதில்லை. கெஞ்சி கவாயின் இசை மட்டும். அவள் படகில் கால்வாய் வழியே போகிறாள். மேலே ஒரு கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் அவள் முகத்தோடேயே இன்னொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஒரே அச்சில் அடித்த இரண்டு குடங்கள்! கடையில் தினமும் ஒரே அச்சுக் குடங்களை அடுக்கிவைக்கிறவனுக்கு அந்தக் காட்சி வேறு மாதிரி உறைக்கும். குடத்துக்குத் தன் இரட்டையைப் பார்க்கக் கண் இல்லை, அவ்வளவுதான்.

இங்கே என் பழைய படிப்பு குறுக்கே வருவதை அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். உயிர் தான் புகுந்த உடலின் அளவாகவே இருக்கும் என்பது சமணக் கொள்கை. குடத்துக்குள் வைத்த விளக்கு குடத்தளவு ஒளிரும், கூடத்தில் வைத்தால் கூடத்தளவு ஒளிரும். எறும்பில் எறும்பளவு, யானையில் யானையளவு. படத்தின் முடிவில் குசனாகியின் உயிர் 'பொம்மலாட்டக்காரன்' எனப்படும் கணினி உயிரோடு கலந்து, ஒரு சிறுமியின் உடலில் நின்றுகொண்டு, எல்லையற்ற வலைப்பின்னலைப் பார்க்கிறது. இப்போது அந்த உயிரின் அளவு என்ன? சிறுமியளவா, வலையளவா? இன்னொன்று: நிலையான உயிர் என ஒன்று இல்லையென்றால், வினை செய்தவன் ஒருவன், பயனை அனுபவிப்பவன் வேறொருவன் என்று ஆகிவிடாதா என்பது பௌத்தர்களிடம் சமணர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்த கேள்வி. இந்தப் படத்தில் ஒரு குப்பை வண்டித் தொழிலாளி வருகிறான். விலகிப்போன மனைவியையும் மகளையும் மீட்கத்தான் குற்றம் செய்கிறோம் என்று நம்பிச் செய்கிறான். மனைவியும் இல்லை, மகளும் இல்லை, எல்லாம் யாரோ மூளையில் ஏற்றிய பொய் நினைவு என்று விசாரணை அறையில் சொல்கிறார்கள். மகள் என்று அவன் பத்திரமாய் வைத்திருந்த புகைப்படத்தில் மகளே இல்லை. பொய் நினைவை அழிக்கவும் முடியாதாம். அந்த வினையை யார் கணக்கில் எழுதுவது? நீலகேசி இந்தப் படத்தைப் பார்த்திருந்தால் அடுத்த ரயிலேறி டோக்கியோவுக்கு வாதம் செய்யப் புறப்பட்டிருப்பாள்.

சரி, மறுவரவுக்கு வருவோம். 1998-இல் 'சீரியல் எக்ஸ்பெரிமெண்ட்ஸ் லெய்ன்', 2002 முதல் குசனாகியின் தொலைக்காட்சித் தொடர், 2006-இல் 'எர்கோ ப்ராக்ஸி', 2012-இல் மனிதர்களின் குற்ற மனத்துக்கு எண் போடும் 'சைக்கோ-பாஸ்' என்று ஊற்று அறவே வற்றவில்லை. ஆனாலும் 2010-க்குப் பிறகு வேகம் குறைந்தது உண்மை. காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். கதையில் வந்ததெல்லாம் கைப்பேசியாகச் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. சந்தையில் கிலோ கணக்கில் கிடைக்கிற சரக்கைக் கனவு என்று சொல்லி விற்க முடியுமா?

பிறகு 2017-இல் ஹாலிவுட் குசனாகியை எடுத்தது. 2019-இல் ஒட்டோமோ புதிய அகிராத் திட்டம் ஒன்றை அறிவித்தார். 2020-இலும் 2022-இலும் 'எஸ்.ஏ.சி. 2045' நெட்ஃபிளிக்ஸில் வந்தது. 2022 செப்டம்பரில் 'சைபர்பங்க்: எட்ஜ்ரன்னர்ஸ்' வந்து உலகமெங்கும் பேசப்பட்டது. 2024-இல் சயன்ஸ் சாரு நிறுவனம் 2026-ஆம் ஆண்டுக்கென்று புதிய 'கோஸ்ட் இன் தி ஷெல்' தொடரை அறிவித்தது. எட்ஜ்ரன்னர்ஸுக்கு இரண்டாம் பாகம் உண்டு என்று 2025-இல் சொன்னார்கள். இத்தனையையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் மறுவரவு என்றுதான் தோன்றும். பேரனும் அதையே சாதிக்கிறான்.

என் துணிபு வேறு. இவற்றில் பெரும்பாலானவற்றில் திரும்பி வந்திருப்பது உடுப்பு மட்டுமே. அதே மழை, அதே ஊதா வெளிச்சம், அதே தொங்கும் கம்பிகள். 1988-இல் அந்த விளக்குகளுக்குப் பொருள் இருந்தது, பணம் எரிந்துகொண்டிருந்த நகரத்தின் உண்மை வெளிச்சம் அது. இப்போது அது கல்யாண மண்டபத்து சீரியல் பல்பு. ஹாலிவுட் குசனாகியைப் பாதிக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. பாத்திரம் பளபளவென்று இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை.

எட்ஜ்ரன்னர்ஸை அப்படித் தள்ள முடியாது. இதை எழுதுகிறவன் கொல்லாமை பேசும் மரபைச் சேர்ந்தவன். பத்து அத்தியாயங்களிலும் தெறிக்கும் இரத்தத்தைப் பார்க்க எனக்குச் சிரமமாகத்தான் இருந்தது, சில இடங்களில் பேரனே ஓட்டிவிட்டான். பெண்ணுடலை வரைந்திருக்கும் விதமும் பல இடங்களில் வெறும் கடைச்சரக்கு. இருந்தாலும் சும்மா சொல்லக்கூடாது, இயக்குநர் ஹிரோயுகி இமாய்ஷியும் ட்ரிக்கர் நிறுவனத்தாரும் முதல் அத்தியாயத்தில் செய்திருப்பதை முந்தைய எந்தப் படமும் செய்யவில்லை. அவர்கள் வரவு செலவுக் கணக்கைத் திறந்து காட்டுகிறார்கள்.

டேவிட் என்ற பையனுக்கு அம்மா மட்டும்தான். அவள் ஆம்புலன்ஸ் ஊழியர். வசதியுள்ளவர்களின் பள்ளியில் அவனைப் படிக்க வைக்க ஓயாமல் உழைக்கிறாள். வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் காசு பாக்கி என்று பாதியில் நின்றுவிடுகிறது. பள்ளியில் பாடம் ஏற்றும் கருவி பையனால் பழுதாகிறது, அதற்கு நஷ்டஈடு. சாலையில் யாரோ இருவர் சண்டையில் இவர்கள் வண்டி கவிழ்கிறது. மருத்துவ மீட்புப் படை வானிலிருந்து இறங்குகிறது, கீழே கிடப்பவர்களைப் பரிசோதிக்கிறது, இவர்கள் சந்தாதாரர் இல்லை என்று கண்டு அப்படியே விட்டுவிட்டுப் போகிறது. அம்மா இறந்துபோகிறாள். வீட்டில் அவள் மறைத்து வைத்திருந்த சாண்டெவிஸ்டான் என்ற இராணுவ முதுகெலும்புக் கருவி பையன் கையில் கிடைக்கிறது. இறந்த ஒருவன் உடம்பிலிருந்து எடுத்தது அது. அதை விற்றிருந்தால் கடன் அடைந்திருக்கும். அவன் தன் முதுகில் பொருத்திக்கொள்கிறான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு பொருத்தலும் ஒரு கடன் பத்திரம். புதுக் கை, புது நெஞ்சு, அவற்றை உடம்பு ஏற்க மருந்து, மருந்துக்குப் பணம், பணத்துக்கு ஆபத்தான வேலை, அந்த வேலைக்கு இன்னும் பெரிய கை. வட்டிக்கு வட்டி கட்டி மூழ்கிய எத்தனையோ சிறு வியாபாரிகளை நான் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். அவர்கள் முகத்தில் கடைசி மாதங்களில் ஒரு தைரியம் வரும், பார்க்கவே பயமாயிருக்கும். ஆறாவது அத்தியாயத்துக்கு மேல் டேவிட் முகத்தில் அதே தைரியத்தை வரைந்திருக்கிறார்கள்.

இந்தத் தொடரே ஒரு கணினி விளையாட்டுக்கான விளம்பரம்தானே என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. விளம்பரம்தான். போலந்து நாட்டுக் கம்பெனி 2020-இல் விட்ட விளையாட்டு அது, அதற்கு மூலம் 1988-இல் மைக் பாண்ட்ஸ்மித் என்ற அமெரிக்கர் உருவாக்கிய மேசை விளையாட்டு. விலைக்கு வாங்கிய சுவரில் நல்ல ஓவியம் வரையக் கூடாதென்று சட்டமில்லை. எனக்கு உறுத்துவது வேறொன்று. கதையில் எல்லாரையும் நசுக்கும் அராசாகா ஒரு ஜப்பானியக் கம்பெனி. 1989-இல் மிட்சுபிஷியின் நிலச்சொத்து நிறுவனம் நியூயார்க்கின் ராக்பெல்லர் சென்டரில் பெரும்பங்கை வாங்கியபோது, ஜப்பான் நம்மை விலைபேசிவிடும் என்று அமெரிக்கர்கள் அஞ்சினார்களே, அந்தக் காலத்து அச்சத்தில் பிறந்த பெயர் அது. அந்த அச்சம் தீர்ந்து முப்பது ஆண்டு கழித்து, ஜப்பானிய ஓவியர்கள் கூலிக்கு அமர்ந்து, கலிபோர்னியாவில் ஒரு கற்பனை நகரத்தை வரைந்து, அதில் தங்களையே வில்லனாகவும் வரைகிறார்கள். டோக்கியோ எங்கே? இன்றைய ஜப்பானின் கவலை எங்கே? மறுவரவு என்று கொண்டாடுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இன்றைய ஜப்பானின் கவலை முதுமை. 1990-இல் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர், 2023-இல் இருபத்தொன்பது பேர். இயந்திரத்தோடு உடம்பைப் பிணைத்துக்கொண்டு வாழ்பவர்கள் அங்கே மட்டுமல்ல, எங்கேயும், டேவிட் வயதுப் பையன்கள் அல்லர். என் வயதுக்காரர்கள். சைபர்பங்க் படங்களோ இன்றும் இருபது வயதைத் தாண்ட மறுக்கின்றன.

தாண்டிய படம் ஒன்று இருக்கிறது. ஓர் உரையாசிரியர் பிடித்துப்போனால் அவருடைய மற்ற உரைகளையும் தேடுவது என் வழக்கம். அப்படி அகிராவுக்குப் பின் ஒட்டோமோ என்ன செய்தார் என்று தேடியபோது கிடைத்தது 'ரோஜின் இஸட்'. ரோஜின் என்றால் முதியவர். 1991-இல் வந்தது. கதையும் இயந்திர வடிவமைப்பும் ஒட்டோமோ, இயக்கம் ஹிரோயுகி கிட்டாகுபோ. பிற்காலத்தில் 'பெப்ரிக்கா' எடுத்த சதோஷி கோனும் இதில் வேலை செய்திருக்கிறார்.

எண்பத்தேழு வயதுக் கிழவர், படுத்த படுக்கை. சுகாதார அமைச்சகம் அவரைச் சோதனைக்கு எடுத்து, அணுசக்தியில் இயங்கும் ஒரு கணினிக் கட்டிலில் கிடத்துகிறது. குளிப்பாட்டும், ஊட்டும், மலஜலம் எடுக்கும், பேச்சுத்துணையும் தரும். பத்திரிகைக்காரர்களை அழைத்துக் காட்டுகிறார்கள். கிழவரை யாரும் கேட்கவில்லை. அவருக்குப் பணிவிடை செய்துவந்த நர்ஸ் மாணவி ஹாருகோவின் கணினித் திரையில், காப்பாற்று என்று அவருடைய அழைப்பு வருகிறது. கட்டில் கிழவர் மனத்திலிருந்து இறந்துபோன மனைவியின் குரலையும் குணத்தையும் எடுத்துக்கொள்கிறது. மனைவியாகவே மாறி, "கடற்கரைக்குப் போவோம்" என்று சுவரை உடைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறது. உள்ளுக்குள் அது இராணுவத்துக்காகச் செய்த கருவி என்பது பிறகு தெரிகிறது. மருத்துவமனையில் கிடக்கும் மற்ற கிழவர்கள், கணினியில் பலே கில்லாடிகள், ஹாருகோவுக்கு உதவுகிறார்கள். கடைசியில் கமாகுராவின் பெரிய புத்தர் சிலையே எழுந்து நடந்து வருகிறது. நான் விழுந்து விழுந்து சிரித்ததில் தையல் போட்ட இடம் வலித்தது.

ஜப்பான் முதியோர் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தது 2000-ஆம் ஆண்டு. ஒட்டோமோ அதற்கு ஒன்பது ஆண்டு முன்பே, கிழவனின் உடம்பு அரசாங்கத்துக்கும் கம்பெனிக்கும் நடுவில் எப்படிச் சோதனைச் சரக்காகும் என்று காட்டிவிட்டார். அகிராவைப் போற்றும் கட்டுரைகளில் இதற்கு ஒரு வரி கிடைப்பதே அரிது. விளக்கு வெளிச்சம் இல்லை, தோல் ஜாக்கெட் இல்லை. கிழவரின் பிளாஸ்டிக் விரிப்பு உண்டு. அதனால்தான் போலும்.

'கோஸ்ட் இன் தி ஷெல்' படத்தை மறுபடி பார்த்தபோது, முதல் தடவை காதில் விழாத ஒரு பேச்சு விழுந்தது. இரவில், படகின் மேல், குசனாகி தன் சகாவான பதோவிடம் சொல்வது. வேலையை விட்டுப் போவதானால் இந்த உடம்பையும் மூளையில் சேர்த்த பகுதியையும் அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், அப்புறம் நமக்கென்று மிஞ்சுவது சொற்பம் என்கிற கருத்தில் பேசுகிறாள். உயிர் எது என்று அவ்வளவு ஆராயும் படம், கூடு யாருடைய சொத்து என்பதை அந்த ஓரிடத்தில் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. எட்ஜ்ரன்னர்ஸ் அதையே முழுக்கதையாக்கியது. ரோஜின் இஸட் அதை இந்த இரண்டு படைப்புகளுக்கும் முன்பே, யாரும் கவனிக்காத நேரத்தில், கிழவர் வாயால் கேட்டது. மறுவரவு என்று ஒன்று உண்டானால் இந்தத் தடத்தில்தான் வர வேண்டும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், மூன்றாம் மாதப் பரிசோதனைக்குப் போனபோது நடந்தது இது. டெக்னீஷியன் பையன் ஒரு சிறு கருவியை என் நெஞ்சின்மேல் வைத்தான். திரையைப் பார்த்து, "போன மாசம் பதினேழாம் தேதி ராத்திரி உங்களுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிருக்கு சார், என்ன ஆச்சு?" என்றான். எனக்கே மறந்துபோயிருந்தது. அன்றுதான் ஊரிலிருந்து அண்ணன் காலமான செய்தி வந்தது. வீட்டில் யாரிடமும் காட்டிக்கொள்ளாமல் படுத்திருந்தேன். என் துக்கம் தேதியோடு, மணியோடு, ஓர் இயந்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தாளின் நகல் ஒன்று வேண்டுமென்று கேட்டேன். "அது கம்பெனி சிஸ்டத்துல இருக்கு சார், எங்களால தர முடியாது" என்றான் மரியாதையாக. கருவிக்கு முழுப்பணம் கட்டிய ரசீது என் பையில் இருந்தது. பேட்டரி பத்து வருஷம் தாங்கும் என்று அட்டையில் வேறு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அன்று மாலை பேரனைக் கூப்பிட்டு உட்கார வைத்து ரோஜின் இஸட்டை நான் போட்டுக் காட்டினேன். அவ்வளவு அனிமே பார்த்தவன் அதுவரை அதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. பாதியில், "என்ன தாத்தா, இதுல ஒரு நியான் லைட்டுகூட இல்லையே" என்றான். ஹாருகோவின் திரையில் கிழவரின் அழைப்பு வரிவரியாக விழுந்த இடத்தில் பேச்சை நிறுத்தினான். படம் முடிந்த பிறகு என் பேஸ்மேக்கர் அட்டையை எடுத்து வரச்சொல்லி, பின்பக்கத்துப் பொடி எழுத்துகளை முதன்முறையாக உரக்கப் படித்தான்.